பண்டாரி இல்லாத தோணி

முத்து இல்லாமல் நான் ஒரு கதையும் எழுதியதில்லை. எழுதி அனுப்பியிருந்தாலும் சென்னையிலிருந்த பதிப்பாளர் போட்டிருக்க மாட்டார். மாதம் ஒரு நாவல், தொண்ணூற்றாறு பக்கம். அட்டையில் திறந்த சிப்பி, சிப்பிக்குள் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு முத்து, பக்கத்தில் நனைந்த சேலையோடு ஒரு பெண். அந்தப் பெண் கதைக்குள் வருகிறாளா என்று படம் வரைகிறவர் ஒருநாளும் கேட்டதில்லை. தூத்துக்குடிக்காரன் என்றால் முத்தைத்தான் எழுத வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். கடைசி முத்துக்குளிப்பு நடந்தபோது நான் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் அம்மணமாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளை. முத்துச் சிப்பியை முதன்முதலில் கையால் தொட்டது ஒரு கல்லூரிக் கண்காட்சியில். அதுவும் காலிச் சிப்பி. ஆனாலும் என் கதாநாயகன் மாதந்தோறும் இடுப்பில் கத்தியைச் செருகிக்கொண்டு கடலுக்குள் இறங்கினான், சுறாவின் வயிற்றைக் கிழித்தான், கடத்தல்காரர்களைப் பந்தாடினான், முத்தோடு மேலே வந்தான். மூச்சுத் திணறியது எனக்குத்தான். இருபத்தைந்தாம் தேதிக்குள் கையெழுத்துப் பிரதி போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

புனைபெயரில் எழுதினேன். ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் தலைமை எழுத்தர் என் நாவலையே மேசைக்கடியில் விரித்து வைத்துப் படித்துக்கொண்டு, "இந்தக் குப்பையெல்லாம் எவன்தான் எழுதுதானோ" என்று என்னிடமே கேட்டிருக்கிறார். "ஆமா சார்" என்று சொல்லியிருக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. குப்பைதான். ஆனால் அந்தக் குப்பைக்குள் நான் ஒன்றை ஒளித்து வைத்திருந்தேன். முப்பதாம் பக்கத்தில் வில்லனின் படகில் அடியாளாக வந்து முப்பத்திரண்டாம் பக்கத்தில் தண்ணீரோடு போகிறானே, அவன் உண்மையிலேயே அந்தக் கடலில் போனவன். எந்தத் தாளிலும் இல்லாதவன். அவனுக்காகத்தான் அந்த நாவலை எழுதினேன் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். கதாநாயகன் ஊருக்கு, அடியாள் எனக்கு.

எப்படித் தாளில் இல்லாமல் போவான் என்று கேட்டால், என் வேலையைச் சொல்ல வேண்டும். பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் தோணிகளுக்கு ஏஜெண்டாக இருந்த ஓர் ஆபீசில் நான் கிளார்க். வெளியூர்க்காரர்கள் தோணி என்றால் ஆற்றைக் கடக்கிற படகு என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் ஊர்த் தோணி பெரிய மரக்கப்பல். வெங்காயமும் கூரை ஓடும் கருப்பட்டியும் ஏற்றிக்கொண்டு பாய் விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வரும். ஒவ்வொரு பயணத்துக்கும் ஏறுகிற ஆட்களின் பட்டியலைக் கார்பன் வைத்து ஐந்து பிரதி அடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. முதல் பெயர் தண்டல், அதாவது தோணியை ஓட்டிப் போகிறவர். கடைசிப் பெயர் பண்டாரி, சமையல்காரர்.

பட்டியல் முதல்நாளே போய்விடும். மறுநாள் காலையில் ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவனுக்குப் பெண்டாட்டி பிரசவம், ஒருவன் எங்கேயோ குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று ஆகும். அதற்காகப் புதுப் பட்டியல் அடித்து மறுபடி முத்திரை வாங்கப் போனால் ஒரு நாள் போய்விடும். காற்று காத்திருக்குமா? கரையில் நிற்கிறவர்களில் ஒருவனைத் தண்டல் கூப்பிட்டு ஏற்றிக்கொள்வார். அவனுக்கு மாத்தாள் என்று பெயர். போய்த் திரும்பினால் ஒரு சிக்கலும் இல்லை. திரும்பாவிட்டால், வீட்டில் காய்ச்சலோடு கிடந்தவன் தாளில் செத்திருப்பான், செத்தவன் எங்குமே இருக்க மாட்டான்.

மாத்தாள்களின் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தண்டல்கள் சொல்வது பட்டப்பெயரைத்தான். அந்தக் கரையில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் ஒன்று, மீதிப் பேருக்கு இன்னொன்று. ஞானஸ்நானப் பெயரும் நாலைந்து புனிதர்களுக்குள் அடங்கிவிடும். ஒரு தெருவில் நின்று ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒன்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே கடலில் பட்டப்பெயர்தான் பெயர். அதுவே சரியான அடையாளம் என்று நான் நினைத்தேன். என் கதைகளில் அதையே எழுதினேன். என் சாமர்த்தியத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

பேத்தை என்று ஒரு பண்டாரி இருந்தார், எப்போதும் மாத்தாளாகவே போகிறவர். பேத்தை என்பது தொட்டால் பலூனாக உப்பிக்கொள்ளும் மீன். விஷம் என்று யாரும் தின்ன மாட்டார்கள், வலையில் வந்தால் திட்டிவிட்டுத் தூக்கி எறிவார்கள். இவர் அடுப்பு ஊதும்போது கன்னம் இரண்டும் அப்படி உப்பும், அதனால் வந்த பெயர். தாள் கொடுக்கத் தோணிக்குப் போகும்போது நாலைந்து முறை பார்த்திருக்கிறேன். பின்பக்கத்தில் மணல் பரப்பிய மரப்பெட்டிமேல் அடுப்பு. "கிளார்க்கு அண்ணாச்சி, மீனு தின்பியளா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் சைவம். அந்தத் தோணியில் நான் அசைவம். சாளைக் குழம்பும் கஞ்சியும். கஞ்சிக்கு உப்புப் போட்டு நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு, "கடலுக்குக் காணாது, கஞ்சிக்குக் காணும்" என்பார். காணும் என்றால் எங்கள் பக்கம் போதும். ஒவ்வொரு முறையும் சொல்வார். ஒவ்வொரு முறையும் தானே சிரிப்பார்.

ஒரு வருடம் ஐப்பசியில் மாலத்தீவுக்குக் கிளம்பிய ஒரு தோணிக்கு எட்டுப் பேர் பட்டியல் அடித்தேன். மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் நின்று தண்டல் சத்தம் கொடுத்தார். "பண்டாரி மஞ்சக்காமாலையில கிடக்கான். பேத்தை வாரான். நீரு தாளை மாத்தாண்டாம்." நான் மாற்றவில்லை. நாலாம் நாள் புயல் வந்தது. தோணியும் வரவில்லை, பலகையும் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து, தாளின்படி செத்துப்போன பண்டாரி உடன்குடிப் பக்கத்திலிருந்து மஞ்சள் கண்ணோடு ஆபீசுக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார். முதலாளிக்கு வியர்த்துவிட்டது. ஆள் மாற்றி ஏற்றினோம் என்று எழுதினால் அதுவரை போன எல்லாத் தோணியையும் கிண்டுவார்கள். யோசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பண்டாரி ஏறலைன்னு அடிச்சிரும். சீக்குன்னு போட்டுரும்."

"அப்ப சமைக்க யாரு போனான்னு கேப்பாங்களே மொதலாளி."

"யாரும் போகலைன்னு அடியும்."

அடித்தேன். பண்டாரி என்ற வார்த்தைக்கு நேரே ஆங்கிலத்தில் 'நில்' என்று அடித்தேன். தமிழாக வாசித்தால் ஓர் ஆளை நிற்கச் சொல்வது. அவர் நிற்கவில்லை, போய்விட்டார். ஏழு பேர் பத்து நாள் கடலுக்குச் சமையல்காரன் இல்லாமல் போனார்கள் என்று ஒரு தாள் சொல்கிறது. கடல் தெரிந்த எவனும் அதைப் படித்தால் சிரிப்பான். யாரும் சிரிக்கவில்லை, முத்திரை குத்தி வைத்துக்கொண்டார்கள். எனக்கு அப்போது கல்யாணம் ஆகி ஆறு மாதம். வேலை போய்விடுமே என்று பயம். அவ்வளவுதான் காரணம், அதற்குமேல் தத்துவம் ஒன்றும் கிடையாது.

ஆனால் கை சும்மா இருக்கவில்லை. அடுத்த நாவலில் ஒரு தோணியைக் கிளப்பினேன். எட்டுப் பேரையும் அவரவர் பட்டப்பெயரோடு ஏற்றினேன். கஞ்சி, உப்பு, அந்த வசனம் எல்லாவற்றையும் வைத்தேன். பேத்தை பின்பக்கம் குனிந்து அடுப்பை ஊதுகிறார், தோணி நகர்கிறது, தலையை நிமிர்த்திக் கரையைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார். நன்றாக வந்திருந்தது என்று நினைத்தேன். பதிப்பாளர் கடிதம் போட்டார்: "எல்லாம் சரி, துரோகி யார்? துரோகி இல்லாமல் அறுபதாம் பக்கத்தைத் தாண்ட முடியாது." நான் ஒரு மாலை முழுக்க யோசித்தேன். மற்ற ஏழு பேருக்கும் ஊரில் வீடு வாசல் உண்டு, யாராவது படித்துவிட்டால் வம்பு. பேத்தைக்கு யாரும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. முத்து ஒளித்து வைத்த இடத்தை வில்லனுக்குச் சொல்லிக்கொடுக்கிறவராக அவரை ஆக்கினேன். எழுபதாம் பக்கத்தில் தோணி முழுகியது.

அதற்குப் பிறகு வருடங்கள் ஓடின. டி.வி. வந்தது, கைபேசி வந்தது, மாத நாவலைக் கடைக்காரர்கள் கொடியில் தொங்கவிடுவதை நிறுத்தினார்கள். பதிப்பாளர் இறந்தார். நான் ஓய்வு பெற்ற நாளில், பாராட்டுப் பேச்சில் மயங்கி, அந்தக் குப்பையை எழுதியவன் நான்தான் என்று உளறிவிட்டேன். நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் இரண்டு பத்தி வந்தது. அதைக் கத்தரித்துப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.

போன வருடம் புரட்டாசியில் ஒரு மத்தியானம், அந்த இரண்டு பத்தியை வைத்து விசாரித்துக்கொண்டு ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தாள். நாற்பது வயதைத் தாண்டியவள். உப்புப் பாக்கெட் போடும் கம்பெனியில் வேலை, அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். கணவர் ஆத்தூரில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கிறார், எடைக்கு வந்த பேப்பர்க் கட்டுக்குள் என் நாவல் அட்டை இல்லாமல் கிடந்திருக்கிறது, முதல் பக்கத்தில் என் புனைபெயர் இருந்திருக்கிறது. அதைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள். என் வாழ்நாளில் ஒரு வாசகர் புத்தகத்தோடு வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் காபி போடக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு பூரிப்பு.

"கதை பிடிச்சிருந்துதாம்மா?" என்று கேட்டேன். வெட்கம் கெட்ட கேள்வி.

"எங்கப்பாவை என்னத்துக்கு அப்படி எழுதுனிய?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வைத்தாள். கடலுக்குக் காணாது, கஞ்சிக்குக் காணும். "இது எங்கப்பா சொல்லுத வார்த்தை. எங்கம்மா சாவுத வரைக்கும் கஞ்சி காய்ச்சும்போதெல்லாம் சொல்லுவா. சொல்லிட்டு அழுவா. வேற யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. நீங்க எங்கன கேட்டிய?"

தோணியில் கேட்டேன் என்றேன். அதன்பிறகு அவள் சொன்னதையெல்லாம் நான் குறுக்கிடாமல் கேட்டேன். அப்பா போகும்போது அவளுக்கு இரண்டு வயது. ஒரு நாள் காலையில் துறைமுகத்துக்கு வேலை தேடிப் போனவர் திரும்பவில்லை. தோணி முழுகிய செய்தி வந்ததும் அம்மா ஆபீஸ் ஆபீசாகப் போய்க் கேட்டிருக்கிறாள். பட்டியலில் பெயர் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஆபீசிலும் சொல்லியிருப்பார்கள். சொன்னது நானாகவும் இருக்கலாம். முகம் நினைவில்லை. பிறகு யாரோ கொழும்பில் ஒரு சிங்களத்தியோடு அவரைப் பார்த்ததாக ஊரில் பேச்சு. "எங்கம்மாவை வாழாவெட்டின்னாவ. என்னை ஓடிப்போனவன் மகள்னாவ. பூசை வைக்கப் போனா, செத்தாருன்னு யாரு சொன்னான்னு கேட்டாவ. அம்மா போன மாசம் போயிட்டா. கடைசியா என்கிட்ட சொன்னது, ஒங்கப்பன் ஓடல, முழுகிட்டாருன்னு கோயில் ஏட்டுல எழுதிப் போடுன்னுதான்."

கல்லறைத் திருநாளில் அவர்கள் ஊர்க் கோயிலில், அந்தக் கரையிலிருந்து கிளம்பிக் கடலில் போனவர்களின் பெயர்களைத் தோணி தோணியாக ஏட்டைப் பார்த்து வாசிப்பார்கள். கல்லறை இல்லாதவர்களுக்கு அந்த வாசிப்புதான் கல்லறை. அதில் அவள் அப்பாவின் பெயர் வர வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"எழுதிரலாம்மா" என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தாளை அடித்தவனும் நான்தான், அடித்தது பொய் என்று தெரிந்தவனும் நான்தான். இத்தனை வருடம் ஒளித்து வைத்ததற்கு ஒரு ஆள் வந்துவிட்டாள் என்று நினைத்தேன். உள்ளே போய் அலமாரியிலிருந்து என் நாவல்களை அள்ளிக்கொண்டு வந்து தரையில் பரப்பினேன். இந்தா பார், இது ஒரு மாத்தாள், இது இன்னொருவர், இவர்கள் எல்லாரும் உண்மை மனிதர்கள், ஒருவர் பாக்கியில்லாமல் எழுதியிருக்கிறேன் என்று பக்கம் பக்கமாகக் காட்டினேன். பள்ளிக்கூடப் பரிசைக் காட்டுகிற குழந்தைக்கும் எனக்கும் அன்றைக்கு வித்தியாசம் இல்லை.

அவள் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "இதுல ஒரு பேரும் இல்லயே அண்ணாச்சி. எல்லாம் பட்டப்பேருல்லா."

"அதானேம்மா அவங்க பேரு."

"கரையில கூப்பிடுத பேரு. வீட்டுல எவன் சொல்லுவான்? பெண்டாட்டி பிள்ளை காதுல விழுந்தா வெட்டுக்குத்தாயிரும். எங்கப்பாவைப் பேத்தைன்னு கூப்பிடுவாவன்னு இந்தப் புஸ்தகத்தைப் படிச்சுத்தான் எனக்கே தெரியும். அந்தக் கஞ்சி வார்த்தை மட்டும் இல்லாட்டா நான் தாண்டிப் போயிருப்பேன்."

நான் தரையில் கிடந்த புத்தகங்களைப் பார்த்தேன். யாருக்காக எழுதினேனோ அந்த வீடுகளில் ஒருவருக்குக்கூட அந்தப் பெயர் யாருடையது என்று தெரியாது. தெரிந்திருந்த தண்டல்கள் போய்விட்டார்கள். மஞ்சள்காமாலைக்காரரும் போய்விட்டார். எனக்கே பாதிப் பெயர்களுக்கு முகம் வரவில்லை. கோழிகூடக் கிண்டாத குப்பையில் நெல்மணியைப் போட்டுப் பூட்டி வைத்திருந்திருக்கிறேன். தலைமை எழுத்தர் அதைக் குப்பை என்று சொன்னது தப்பில்லை.

அவள் விடவில்லை. "எங்கப்பா காட்டிக் குடுத்தாருன்னு எழுதியிருக்கியளே, அது மெய்யா?"

"இல்லம்மா. அது சும்மா கதைக்கு."

"மத்தவங்க ஏழு பேரு இருக்காவளே. எங்கப்பாவை ஏன்?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் கேட்ட விதத்தில் எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. "அவருக்கு யாரும் இல்லைன்னு நினைச்சேன்" என்றேன்.

அவள் புத்தகத்தை மூடினாள். "அது பொய்யின்னா, தோணியில ஏறுனாருன்னு எழுதுனது மட்டும் எப்படி மெய்யாவும்?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, அவளுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. எனக்குத்தான் கோபம் வந்துவிட்டது. ஏம்மா, நான் பொய் சொல்லுவேனா, தண்டல் என் வாசலில் நின்று சொன்னார், நான் பார்த்தேன் என்று கத்தினேன். "பாத்தியளா?" என்றாள். "பாத்தேன்" என்றேன். அப்போது தயங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபின் அவர்கள் கோயில் அலுவலகத்துக்கு இருவரும் போனோம். பங்குச் சாமியார் சின்ன வயசுக்காரர், அந்தக் கரையில் பிறந்தவர்தான். அவள் சொன்னதையும் நான் சொன்னதையும் முழுக்கக் கேட்டார். தாள் எப்படிப் பொய்யானது என்று நான் ஒளிக்காமல் சொன்னபோது தலையைக் கூடக் குலுக்கவில்லை, அந்த ஊர்களில் அது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். அலமாரியைத் திறந்து ஏட்டை எடுத்து மேசையில் வைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். அவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். எழுதுவதற்கு முன் சாமியார் என் பக்கம் திரும்பினார்.

"தண்டல் சொன்னதை நான் எழுத முடியாது ஐயா. பேத்தை வர்றான்னுதானே அவர் சொன்னார்? வர்றவன் வராமலும் போகலாம். நீங்க அவர் தோணியில இருந்ததைப் பாத்தீங்களா? கண்ணால பாத்த ஒரு சாட்சி போதும், நான் எழுதிடுவேன்."

பார்த்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தக் காலையை மனதில் கொண்டுவந்தேன். கஸ்டம்ஸில் வேறொரு தோணியின் தாளைக் கொடுத்துவிட்டுத் துறைமுகப் பாலம் வழியாகத் திரும்புகிறேன். தோணி நகர்கிறது. பின்பக்கம் ஒருவர் குனிந்து அடுப்பை ஊதுகிறார், கன்னம் உப்புகிறது, நிமிர்ந்து கையை ஆட்டுகிறார். தெளிவாக இருந்தது. தெளிவு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. கையை ஆட்டினார் என்பது என் வாக்கியம். 'தலையை நிமிர்த்திக் கரையைப் பார்த்து' என்பதும் என் வாக்கியம். அந்தக் காட்சி நன்றாக வந்திருந்ததால் அதை வேறு மூன்று நாவல்களிலும் ஆளை மாற்றிப் போட்டிருக்கிறேன். வாக்கியத்தை எடுத்துவிட்டு அடியில் என்ன இருக்கிறது என்று தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் காலையில் நான் பாலம் வழியாகத்தான் வந்தேனா, நேரே ஆபீசுக்குப் போய்விட்டேனா என்பதுகூடத் தெரியவில்லை. நான் பார்த்ததை எழுதினேனா, எழுதியதைப் பார்த்தேனா?

"ஐயா?" என்றார் சாமியார்.

வாழ்நாள் முழுக்கப் பொய்யை எழுதித் தேய்ந்த கை என்னுடையது. அன்றைக்கென்று எனக்கு ஏன் சத்திய சோதனை வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. இல்லை, தெரியும். என்னிடம் இருந்த ஒரே பெருமை, மற்றதெல்லாம் புளுகு, அந்த ஆட்கள் மட்டும் உண்மை என்பது. அந்த இடத்தில் ஒரு சொல் கலப்படம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. என் பெருமையைக் காப்பாற்றிக்கொண்டேன்.

"எழுதியிருக்கேன் சாமி" என்றேன்.

"எழுதினது இருக்கட்டும். பாத்தீங்களா?"

"பாத்த மாதிரித்தான் இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பேனாவை மூடினார். ஒரு பூசை வேண்டுமானால் வைக்கிறேன், ஏட்டில் இப்போது எழுத வேண்டாம், வேறு யாராவது சாட்சி கிடைக்கிறார்களா பார்ப்போம் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். வேறு யாரும் உயிரோடு இல்லை என்று அவருக்கும் தெரியும். அவள் தலையிலிருந்த முந்தானையை இறக்கிவிட்டு எழுந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் நல்ல வெயில். அவள் சாலையைப் பார்த்து நின்றாள். பஸ் வரும்போதுதான் திரும்பினாள்.

"ஒரு பொய் சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி. அத்தனை புஸ்தகத்துல சொன்னியளே."

பஸ் நின்றது. முன்படி வழியாக ஏறி, கூட்டத்துக்குள் போய்விட்டாள். என்னிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துத் தனியாகப் போனேன். சாமியார் கோயில் முற்றத்தில் பிளம்பரோடு பேசிக்கொண்டிருந்தார். பிளம்பர் போகிற வரைக்கும் காத்திருந்தேன். பிறகு கிட்டே போய், "சாமி, பாத்தேன். நல்லா ஞாபகம் வந்துட்டு. அவர் தோணியில இருந்தார், நான் கண்ணால பாத்தேன். சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுதேன்" என்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வாக்கியம். திக்காமல் வந்தது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து இதைச் சொல்லியிருந்தா நான் எழுதியிருப்பேன் ஐயா. மறு கேள்வி கேட்டிருக்க மாட்டேன். இன்னைக்கு நீங்க யோசிச்சுட்டு வந்திருக்கீங்க."

கல்லறைத் திருநாளுக்கு நான் போயிருந்தேன். ஒரு ஓரமாக நின்றேன். அவளும் வந்திருந்தாள், பெண்கள் பக்கத்தில். அந்தத் தோணியின் முறை வந்தபோது ஏழு பேரை வாசித்தார்கள். ஏழாவது பெயருக்குப் பிறகு அடுத்த தோணிக்குப் போனார்கள்.